தீனித்தட்டுக்கு வரும் பறவைகள் உடனே பறந்துவிடுகின்றன

வேலிப்பருத்தி:
குளிர்காலப் பறவைகளுக்காகத் தோட்டத்தில் தட்டு வைத்திருக்கிறேன். ஜன்னலிலிருந்து 4 மீட்டர். வருகின்றன, ஆனால் நிற்பதில்லை. ஒன்று கண்ணாடியிலும் மோதியது. என்ன மாற்றலாம்? பைனாகுலர் எது சரி?

கரிச்சான்:
4 மீட்டர் மோசமான தூரம். மிரண்டு கிளம்பும் பறவை அதற்குள் முழு வேகம் எடுத்துவிடும். ஒன்று, 1 மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். இல்லையேல் 10 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். அடர்ந்த புதர் தட்டிலிருந்து சுமார் 3 மீட்டரில் இருக்கட்டும். வல்லூறு வந்தால் ஒளிய இடம் வேண்டும். அது இல்லாததால்தான் நிற்பதில்லை என்று தோன்றுகிறது. புதர் தட்டை ஒட்டியே இருந்தால் பூனைக்குத்தான் வசதி.

கருப்புச் சூரியகாந்தி விதை போடுங்கள், அன்றன்றைக்குத் தீரும் அளவு மட்டும். உப்புக் கடலை கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், பறவை செத்தே போகும்.

மீன்கொத்தி:
தண்ணீரை மறந்துவிட்டீர்களே! சொரசொரப்பான அகலத் தட்டு, ஆழம் 2.5 முதல் 5 செ.மீ. உறைந்தால் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், உப்பு வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீரில் தீனித்தட்டைக் கழுவி, அலசி, நன்றாகக் காயவையுங்கள். எச்சம் கலந்த ஈர விதையில்தான் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி பரவும். சிலிர்த்த இறகுடன் சோர்ந்த பறவை தென்பட்டால் இரண்டு வாரமாவது தட்டை எடுத்துவிடுங்கள்.

கரிச்சான்:
பைனாகுலர் 8x42, அதாவது 8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை. பத்து மடங்கில் கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். விடிந்த முதல் இரண்டு மணி நேரம் பாருங்கள். இரவெல்லாம் பட்டினி கிடந்தவை அப்போதுதான் மும்முரமாக மேயும். கதிர்க்குருவிகளை மட்டும் நிறத்தை நம்பி அடையாளம் காணாதீர்கள், குரலைப் பதிவு செய்யுங்கள்.