ஆடியிலும் தையிலும் ஊற்றினால் போதுமா?

ராசு சித்தப்பா, காலை 6:52
கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேயும் நம் மேச்சேரிச் செம்மறிகளில் மூன்றுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறது. கழிச்சல் இல்லை, தீனியும் எடுக்கின்றன; ஆனால் பட்டிக்குத் திரும்பும்போது கடைசியில் வந்து மூச்சு வாங்குகின்றன. ஆடியிலும் தையிலும் தவறாமல் குடற்புழு மருந்து ஊற்றுகிறேனே, கவிதா, இது வேறு நோயா?

கவிதா, 7:10
கீழ் இமையைப் பிதுக்கி, வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், சித்தப்பா.

ராசு சித்தப்பா, 7:31
[3 படங்கள்]
இரண்டுக்குக் காகிதமாக வெளுத்திருக்கிறது. மூன்றாவதற்கு இலேசாகச் சிவப்பு தெரிகிறது.

கவிதா, 7:44
புழுவேதான், சித்தப்பா. ஹீமாங்கஸ் என்னும் இந்த உருண்டைப்புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் இருந்துகொண்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி, அதாவது அத்தை வீட்டுக் காபி டம்ளரில் பாதி. இரத்தம் குறைவதால்தான் இமை வெளுக்கிறது; அதோடு புரதமும் போவதால்தான் தாடையில் நீர் இறங்குகிறது. கழிச்சல் இல்லாததால் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

சரசு அத்தை, 7:58
மாசி, பங்குனியில் கிளுவை வேலிக்குள் ஒரு பச்சைப் புல் இருக்காதே, அங்கே புழு எப்படிப் பிழைத்தது?

கவிதா, 8:15
இந்தப் பங்குனியில் இரண்டு முறை மழை கொட்டியதே, அத்தை. ஒரு பெண்புழு நாளுக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் அது லார்வா என்னும் இளம்புழுவாகி, பனி ஈரத்தில் கொழுக்கட்டைப் புல்லின் மேல் ஏறிக்கொள்ளும். ஆடு அதைத் தின்ற மூன்று வாரத்தில் புழு முட்டையிடத் தொடங்கிவிடும். வெயில் மட்டும் கூடினால் நமக்கு நல்லதுதான், ஏனென்றால் அந்த லார்வா எதையும் தின்னாமல் உடலில் சேர்த்து வைத்த சத்தில்தான் உயிர் வாழ்கிறது, சூட்டில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். வெயிலுக்கு நடுவே பருவம் தவறி மழை பெய்வதுதான் ஆபத்து. ஸ்வீடன் போன்ற குளிர்நாட்டு மந்தைகளிலும் இதே புழு இருக்கிறது. பனிக்காலம் முழுவதும் ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும்.

ராசு சித்தப்பா, 8:22
அப்படியானால் பட்டி முழுவதற்கும் இன்றே ஊற்றிவிடுகிறேன்.

கவிதா, 8:36
வேண்டாம், சித்தப்பா. எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி, அதன் முட்டையே காடெங்கும் பரவும். தாடையில் நீர் கோத்த மூன்றையும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவற்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமையைப் பார்த்து, வெளுத்ததற்கு மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும் நாளிலும், 10 முதல் 14 நாள் கழித்தும் புழுக்கையைச் சோதனைக்குக் கொடுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்து நம் பட்டியில் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சினை பிடித்து ஒரு மாதம் ஆகாத பெட்டைக்கு அல்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்து கூடாது. அளவைக் கண்மதிப்பில் ஊற்றாமல் எடை போட்டு ஊற்றுங்கள்.

ராசு சித்தப்பா, 9:40
பருத்தி நிறுக்கும் தொங்கு தராசில் மூன்றையும் நிறுத்துப் பார்த்தேன். 23, 24, 26 கிலோ. இத்தனை வருடமாக 15 கிலோ என்று கணக்கு வைத்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.