வகுப்புக்கு ஒரு வலைப்பூ: எங்கே தொடங்குவது?

பூம்பாறை டீச்சர்:
பூம்பாறைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். மொத்தமே 14 பிள்ளைகள். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பாடத்தோடு சொல்லிவிட்டு, வீட்டுப் பூண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டு தொங்குவது, புகை பட்டுத் தோல் பழுப்பேறுவது, அந்த வாசனை சீருடையிலும் ஏறி, கொடைக்கானல் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா மூக்கைப் பொத்தியது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இதைச் சிவப்பு மையில் டிக் போட்டு மூடிவைக்க மனசு வரவில்லை. வலைப்பூ தொடங்கலாமா? பிள்ளைகளிடம் மெயில் கிடையாது. சிக்னல் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும்தான். அப்புறம், பிழைகளைத் திருத்திப் போடுவதா, அப்படியே போடுவதா?

கோத்தகிரி சார்:
டீச்சர், பிள்ளைகளுக்குக் கணக்கே வேண்டாம். கூகுள் கணக்கைத் தாங்களாகத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரில் நீங்கள் ஒன்று தொடங்குங்கள், இலவசம். அமைப்புகளில் யார் படிக்கலாம் என்று வரையறுக்கலாம். முதல் மாதம் நீங்களும் ஹெச்எம்மும் மட்டும் பாருங்கள். பின்னூட்ட மட்டறுத்தலை, அதாவது வரும் கருத்துகளை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியிடும் அமைப்பை, மறக்காதீர்கள். நான் மறந்தேன். மூன்றாம் நாளே ஒரு பையனின் கேரட் கட்டுரைக்குக் கீழே எவனோ கடன் விளம்பரம் ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா:
முகம் தெரியும் போட்டோ வேண்டாம். 14 பேர் உள்ள வகுப்பில் ஊர்ப்பெயரும் முதல் எழுத்தும் போட்டாலே யாரென்று தெரிந்துவிடும். பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாருமே குழந்தைதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எழுத்துப் பிழை என்றால் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள், பிள்ளையே திருத்தட்டும். சொல்லைத் தொடாதீர்கள். ஒரு படுகப் பையன் 'எங்கள் ஹட்டி' என்று எழுதியதை நான் 'எங்கள் சிற்றூர்' ஆக்கினேன். அந்த வருஷம் முழுக்க அவன் நாலு வரிக்கு மேல் எழுதவில்லை.

பூம்பாறை டீச்சர்:
நன்றி. சம்மதச் சீட்டு 11 வந்துவிட்டது. நோட்டில் இருந்ததை வீட்டில் போனில் தட்டிவைத்து, காலையில் தொட்டியடியில் நின்று ஏற்றினேன். மூக்கைப் பொத்திய அக்கா அப்படியே இருக்கிறாள். எழுதியவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த அக்கா இதப் படிப்பாங்களா டீச்சர்?" இப்போதைக்கு ஹெச்எம் சார் மட்டும்தான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.