காயில் (கம்பிச்சுருள்) மோட்டார் சுத்தாம, ஆடி ஆடி நின்னுடுது. என்ன பண்ணலாம்?

மாலைநிலா:
ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பேட்டரி, ரெண்டு ஊக்கு, காந்தம், காயில் வச்சு சின்ன மோட்டார். பேட்டரி 1.5 வோல்ட், சுவர்க்கடிகாரத்துக்குப் போடுற சைஸ். கம்பி 0.5 மி.மீ. எனாமல் பூசின செம்பு, 8 சுத்து. காந்தம், ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுற வளையுற பட்டை. காயிலோட ரெண்டு முனையையும் நல்லா சுரண்டியாச்சு. தட்டிவிட்டா முன்னும் பின்னும் ஆடிட்டு நின்னுடுது, பேட்டரி சூடாகுது. எங்கே தப்பு?

இன்னொண்ணு: ஓடுற மாடல் மட்டும் போதாது, எதையாவது அளந்து காட்டணும்னு சொல்லியிருக்காங்க. எதை அளக்கலாம்?

பட்டறைவாசி:
ஆடுது, பேட்டரியும் சூடாகுதுன்னா கரன்ட் போகுது, அதுல சந்தேகமில்லை. ரெண்டு முனையையும் முழுசா சுரண்டினதுதான் பிரச்சினை. காயில் அரைச் சுத்து வந்ததும் விசை திசை மாறி, வந்த வழியே திருப்பித் தள்ளும். அந்த அரைச் சுத்துல மட்டும் கரன்ட்டை நிறுத்திட்டா, ஏற்கெனவே இருக்கிற வேகத்துலயே மீதியைக் கடந்துடும். அதனால ஒரு முனையை முழுசா, இன்னொரு முனையில கம்பியோட பாதி வட்டத்தை மட்டும் சுரண்டணும்.

எந்தப் பாதிங்கிறதுலதான் பலரும் கோட்டை விடுறாங்க. காந்தம் காயிலுக்கு நேர் கீழே இருக்குன்னா, காயில் வட்டத்தைச் செங்குத்தா நிமிர்த்திப் பிடிங்க. முனைக் கம்பியை மேசை விளிம்புல வச்சு, மேலே தெரியுற பாதியை மட்டும் உப்புத்தாளால தேய்ங்க. 400 நம்பர் தாள் போதும். காயிலைப் படுக்க வச்சுத் தேய்ச்சா, பாதிதான் சுரண்டியிருந்தாலும் ஓடாது. கரன்ட் பாயுற நேரத்துக்கு நடுவுலயே விசை திசை மாறிடும்.

உங்களுக்குப் புதுக் காயில் தேவையில்லை. ஒரு முனையில, அதே மாதிரி நிமிர்த்திப் பிடிச்சு, மேல்பாதிக்கு மட்டும், கரன்ட்டைத் தடுக்க எனாமலுக்குப் பதிலா, நெயில் பாலிஷ் பூசி நல்லா காய விடுங்க.

எனாமலைத் தீயில சுட்டு எடுக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. புகை நல்லதில்லை, கம்பி மேல கரி படியும், செம்பு இளகி முனை தொங்கிடும்.

செம்புக்கம்பி:
மேலே சொன்னது சரி, ஆனா அந்தக் காந்தத்தையும் மாத்துங்க. வளையுற ஃபிரிட்ஜ் பட்டையில வட துருவமும் தென் துருவமும் மெல்லிய கோடு கோடா மாறி மாறி இருக்கும். ரெண்டு பட்டையை முதுகோட முதுகு ஒட்டி இழுத்துப் பார்த்தா தடக் தடக்னு தட்டுப்படும். ஒரு சில மில்லிமீட்டர் தள்ளினாலே அந்தக் காந்தப்புலம் ஒண்ணுமில்லாம போயிடும். பழைய ஸ்பீக்கர் காந்தமோ, 10–12 மி.மீ. நியோடிமியம் வட்டோ வேணும். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 2–3 மி.மீ. நியோடிமியம்னா சின்னக் குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. ரெண்டை முழுங்கிட்டா குடலை நடுவுல வச்சு ஒட்டிக்கும்.

சூடு பத்தி: அந்த 8 சுத்துக் கம்பியோட மின்தடை 0.1 ஓமுக்கும் கம்மி, கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்தான். 10 வினாடி ஓட்டி எடுத்துடுங்க. லித்தியம் பேட்டரி பக்கமே போகாதீங்க. 9 வோல்ட் பேட்டரியும் உதவாது, அதனால இவ்வளவு கரன்ட் கொடுக்க முடியாது.

பேட்டரி இல்லாம காயிலை ஊக்குல வச்சு உருட்டிப் பாருங்க. எப்பவும் ஒரே பக்கம் கீழே வந்து நின்னா அந்தப் பக்கம் கனம். ரெண்டு முனையும் வட்டத்தோட மையம் வழியா ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி நிமிர்த்துங்க.

மாலைநிலா:
நெயில் பாலிஷ் பூசி, ஸ்பீக்கர் காந்தம் வச்சதும் சுத்துது! கொஞ்ச நேரத்துல மெதுவாகி நிக்குது. முனை கறுத்திருக்கு.

பட்டறைவாசி:
தொடர்பு விட்டு விட்டு வர்றதால பொறி பறந்து கறுக்குது. கறுத்த இடத்தை மட்டும் லேசா தேய்ங்க, பாலிஷ் மேல கை வைக்காம. ஊக்கு வளையத்தையும் உள்ளே துடைங்க.

கரும்பலகை:
அளக்கிறதுக்கு: சுத்து எண்ணிக்கையை மாத்தி வேகம் பாருங்க. 5, 10, 15, 20 சுத்துன்னு நாலு காயில், எல்லாம் ஒரே விட்டம், ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே இடைவெளி. சுத்து கூடக்கூட வேகமும் கூடிக்கிட்டே போகும்னு முன்கூட்டியே எழுதி வச்சுடாதீங்க. தள்ளுற விசை கூடும், ஆனா கனமும் கூடும், ஊக்குல உராய்வும் கூடும், காயில் சுத்தும்போது தானே உண்டாக்கி பேட்டரியை எதிர்க்குற மின்னழுத்தமும் கூடும். வரைபடம் எங்கே வளையுதுன்னு பிள்ளை கண்டுபிடிக்கட்டும், அதுதான் புராஜெக்ட்.

பேட்டரி ஓட ஓட இறங்கும். 5, 10, 15, 20னு வரிசையா ஓட்டினா கடைசிக் காயிலுக்கு அசந்துபோன பேட்டரிதான் கிடைக்கும். ஒரு தடவை ஏறுவரிசை, அடுத்த தடவை இறங்குவரிசைன்னு ஓட்டி சராசரி எடுங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம் ஓய்வு.

வேகம் எண்ண ஃபோன்ல ஸ்லோ மோஷன் போதும். வினாடிக்கு 240 ஃபிரேம்ல எடுத்த வீடியோவுல, காயில்ல வச்ச குறி 12 ஃபிரேமுக்கு ஒரு தடவை வந்தா, வினாடிக்கு 20 சுத்து, நிமிஷத்துக்கு 1,200. குறியை காயிலோட ஒரு பக்கத்துல மட்டும் வைங்க, ரெண்டு பக்கமும் வச்சா கணக்கு இரட்டிப்பா வரும்.