பாங்கொக் மதுக்கூடத்தில் 28,600 பாத் பறித்துவிட்டார்கள். தம்பி இன்னும் அங்கேதான், என்ன செய்யலாம்?

கனகாம்பரம் (கிளிநொச்சி):

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.

என் தம்பி மாங்குளத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். கூடுதலாக விற்ற கடைக்காரர்களை ஒரு பெயின்ட் கம்பனி பாங்கொக்குக்கு அழைத்துப் போயிருக்கிறது. நேற்றிரவு அவனும் வேறு மூன்று கடைக்காரர்களும் பட்பொங் என்ற இரவுக் கேளிக்கைத் தெருப் பக்கம் நடந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட விலை அட்டையுடன் ஒருவன் வழிமறித்து, “பியர் 100 பாத், நிகழ்ச்சி இலவசம்” என்று சொல்லி மேல்மாடிக்கு அழைத்துப் போயிருக்கிறான். அரை மணி நேரத்தில் இவர்கள் எழும்பியபோது பில் வந்திருக்கிறது. அதன் படத்தைத் தம்பி எனக்கு அனுப்பினான்: பியர் எட்டு, 800. நிகழ்ச்சிக் கட்டணம் ஆளுக்கு 4,000 வீதம் 16,000. பெண்களுக்கான பானம் பன்னிரண்டு, 10,800. சேவைக் கட்டணம் 1,000. மொத்தம் 28,600 பாத். நம் பணத்தில் இரண்டரை இலட்சம் ரூபாவுக்கு மேல்.

படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான்கு பேர் குறுக்கே நின்றார்களாம். அடிக்கவில்லை. ஆனால் தம்பி கடனட்டையைக் கொடுத்து இரகசிய இலக்கத்தை அழுத்தும்வரை கதவு திறக்கவில்லை.

நாளை இரவுதான் விமானம். “போனது போகட்டும் அக்கா, வெளியே சொல்லாதே” என்கிறான். எப்படிப் போகட்டும் என்று விடுவது? கடையின் பணமெல்லாம் கூரைத் தகடும் குழாயும் கடனுக்கு எடுத்த கமக்காரர்களிடம் நிற்கிறது. காலபோக நெல் விற்றால்தான் அது திரும்பும். வங்கி அதுவரை காத்திருக்குமா? இந்தக் கட்டணத்தை நிறுத்த வழி உண்டா? அங்கே பொலிஸுக்குப் போனால் இவனுக்கே சிக்கல் வருமா?

ஏ-ஒன்பது (வவுனியா):

சகோதரி, முதலில் பொலிஸ். இன்றே போக வேண்டும். இங்கிருந்து குழுக்களைத் தாய்லாந்துக்கு அழைத்துப் போகும் வேலைதான் எனக்கு, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்பொங், சீலொம் வீதிக்கும் சுரவொங் வீதிக்கும் நடுவில் இருக்கிறது. அங்குள்ள மதுக்கூடங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் பல கடைகளில் ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, உங்கள் முன்னால் ஒரு சிறு குவளையில் போட்டு வைப்பார்கள். கணக்கு கண் முன்னே இருக்கும். தெருத் தரகன் அழைத்துப் போகும் மேல்மாடிகளில்தான் இந்தப் பறிப்பு நடக்கிறது, அதுவும் பல ஆண்டுகளாக. வாசலில் காட்டும் விலை அட்டை வேறு, உள்ளே வரும் பில் வேறு. அருகில் வந்து உட்காரும் பெண்ணுக்குப் பானம் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அதுவும் பில்லில் ஏறும். கீழே இறங்க ஒரே படிக்கட்டுத்தான் இருக்கும்.

தாய்லாந்தில் சுற்றுலாப் பொலிஸ் தனியாக உண்டு. அங்குள்ள தொலைபேசியிலிருந்து 1155. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலத்தில் பேசலாம். தம்பி சொல்ல வேண்டியது நான்கே விடயம்: எந்தக் கட்டடம், வாசலில் என்ன விலை சொன்னார்கள், உள்ளே எவ்வளவு பணம் வாங்கினார்கள், கதவைச் சாத்தினார்கள். கட்டடத்தின் படம் இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில் தெருவில் நின்று எடுக்கட்டும். மேலே மட்டும் தனியாக ஏறவே கூடாது. பொலிஸார் கூட வந்து பேசி ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆள் நாட்டைவிட்டுப் போய்விட்டால் அது நடக்காது, அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேர்வழி:

இரவில் அந்தத் தெருவுக்கு ஏன் போக வேண்டும்? குடும்பஸ்தர்கள் போகிற இடமா அது? போனால் இப்படித்தான் நடக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (புதுக்குடியிருப்பு):

தம்பி நேர்வழி, அந்தப் பிள்ளை கேட்டது அதையல்ல. ஒருவன் எந்தத் தெருவில் நடந்தாலும் கதவைப் பூட்டிப் பணம் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது. அந்த நான்கு பேரும் அடிக்காமலே காரியத்தை முடித்தார்களே, எந்தத் துணிவில்? இவர்கள் ஊருக்குப் போய் வாய் திறக்க மாட்டார்கள் என்ற துணிவில்தான். நீங்கள் இப்போது எழுதியதைப் போன்ற பேச்சுக்குப் பயந்துதான் அந்தப் பிள்ளை “வெளியே சொல்லாதே” என்கிறான். தயவுசெய்து அவனை மேலும் ஒடுங்கச் செய்யாதீர்கள்.

கனகாம்பரம், தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நால்வரும் ஒன்றாகப் போய்ச் சொன்னால் அந்த முறைப்பாட்டுக்குக் கனம் அதிகம்.

கறுப்புக் கண்ணாடி (வவுனியா, வங்கியில் அட்டைப் பிரிவில் பணி செய்தவன்):

வங்கிப் பக்கத்தை நான் சொல்கிறேன். மனம் நோகும் சில விடயங்களும் இதில் உண்டு.

ஒன்று, அட்டையை இப்போதே முடக்கச் சொல்லுங்கள். அது அந்நியர் கையில் இருந்திருக்கிறது, இலக்கங்களைக் குறித்திருக்கலாம். முடக்கினாலும் நேற்றைய கட்டணம் நிற்காது. இரகசிய இலக்கம் அழுத்தி அனுமதித்த கட்டணம் “நிலுவையில்” என்று காட்டினாலும், வங்கியால் அதைத் தன்னிச்சையாக அழிக்க முடியாது. கணக்கில் பதிவான பிறகுதான், இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று மறுப்புப் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். “நான் அங்கே போகவேயில்லை, அட்டை திருட்டுப் போய்விட்டது” என்று எழுதச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். கேட்காதீர்கள். சிப்பும் இரகசிய இலக்கமும் பயன்பட்டது பதிவில் இருக்கிறது. ஒரு பொய் பிடிபட்டால் உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போகும். சொன்ன விலைக்கும் எடுத்த தொகைக்கும் உள்ள வேறுபாடு, வெளியேற விடாமல் தடுத்தது, உடனே பொலிஸில் சொன்னது, இந்த மூன்றும்தான் உங்கள் பலம். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் வாய்ப்பேச்சாகவே பார்க்கப்படும். எல்லாம் சரியாக இருந்தாலும் வெற்றி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன்.

அட்டை நிறுவனங்களின் விதிப்படி மறுப்புக்குப் பொதுவாக 120 நாள் என்பார்கள். அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம், வங்கிகள் அதைவிட முந்தியே கேட்கும். வங்கி பதில் தராமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியில் இத்தகைய முறைப்பாடுகளை எடுக்கிறார்கள், தொலைபேசி 1935. ஆனால் வங்கிக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

முல்லைக்கடல் (ஜேர்மனி):

இது பாங்கொக்கில் மட்டும் நடப்பதல்ல. இஸ்தான்புல் தக்சீம் பக்கத்தில், தனியாக நடக்கும் ஆணிடம் நல்லவன்போலப் பேச்சுக் கொடுத்து, “ஒரு பானம் குடிப்போம்” என்று கூட்டிப் போய் இதே பில்லை நீட்டுவார்கள். தோக்கியோவின் கபுகிச்சோவில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு, பொத்தாகுரி. அதைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் தோக்கியோ நிர்வாகம் தனிச் சட்டவிதியே கொண்டுவந்தது. தெருத் தரகர்களின் பின்னால் போகாதீர்கள் என்று அங்கே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒழுங்குக்குப் பேர்போன நாட்டிலேயே அந்த நிலைமை என்றால், உங்கள் தம்பி வெட்கப்பட எதுவுமில்லை.

கனகாம்பரம்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான், பிறகு “சரி, போகிறோம்” என்றான். அட்டையை முடக்கிவிட்டான். இரண்டு பேர்தான் அவனோடு வர ஒப்புக்கொண்டார்கள். மற்றவர் தன் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டாராம்.

ஏ-ஒன்பது:

மூவர் போதும். கடவுச்சீட்டைப் பொலிஸாரிடம் காட்டட்டும். மதுக்கூடக்காரர்கள் கேட்டால் கையில் கொடுக்கக் கூடாது. முறைப்பாட்டின் பிரதி ஒன்றை வாங்காமல் வெளியே வரவும் கூடாது.

கனகாம்பரம்:

இப்போதுதான் அழைத்தான். இரண்டு பொலிஸார் கூடப் போயிருக்கிறார்கள். முதலில் மதுக்கூடக்காரர்கள் வேறொரு விலை அட்டையைக் காட்டி, “இதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்” என்று வாதாடினார்களாம். தம்பியின் நண்பர் வாசலில் வேடிக்கையாக எடுத்த படமொன்றின் ஓரத்தில் தரகன் கையிலிருந்த அட்டை தெரிந்திருக்கிறது. 100 என்ற எண் தெளிவாக இருந்ததாம். அதைக் காட்டிய பிறகு பேச்சு மாறியிருக்கிறது. 18,000 பாத்தைப் பணமாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அதற்கு மேல் தர மறுத்துவிட்டார்கள். முறைப்பாட்டுப் பிரதி தாய் மொழியில் இருக்கிறது, கையில் வந்துவிட்டது.

இனி வங்கிக்கு என்ன எழுதுவது? முழுத் தொகையையும் கேட்கலாமா?

கறுப்புக் கண்ணாடி:

கேட்கக் கூடாது. கைக்கு வந்த 18,000ஐ முதல் வரியிலேயே எழுதுங்கள். மிகுதி 10,600. குடித்த பியருக்கு உரிய 800ஐயும் நீங்களே கழித்துவிட்டு, 9,800 பாத்துக்கு மறுப்புக் கொடுங்கள். பில் படம், வாசலில் எடுத்த படம், பொலிஸ் பிரதி, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் இணையுங்கள். மொழிபெயர்ப்பை அங்கேயே, ஹோட்டலில் விசாரித்துச் செய்விப்பது சுலபம், கிளிநொச்சியில் தாய் மொழி தெரிந்தவரைத் தேடி அலைய முடியாது. படிவத்தில் தம்பிதான் கையொப்பமிட வேண்டும், அக்காவின் கையொப்பம் செல்லாது. திங்கட்கிழமை காலையே அவரைக் கிளைக்கு அனுப்புங்கள்.