சாரைக்கு ஜோடி நல்ல பாம்பா? விறகுப்புரைப் பஞ்சாயத்து

முற்றத்துமுல்லை:
வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் நடுவில் எங்கள் வீடு. விறகுப்புரையை ஒட்டி ஒரு சாரை இரண்டு வருடமாகப் போய்வருகிறது. ஆறடிக்கு மேல் இருக்கும். ஆளைக் கண்டால் முதலில் ஓடுவது அதுதான். அது வந்த பிறகு எலி மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்பது பாதியாகக் குறைந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கம்போடு வந்து நின்றார். விஷமில்லாத பாம்பு மாமா, விட்டுவிடுங்கள் என்றேன். "அதுக்கு விஷமில்லை, எனக்கும் தெரியும். ஆனா சாரை ஆண், நல்ல பாம்பு பெண். இதை விட்டுவெச்சா ஜோடி தேடி நல்லது வந்து உன் விறகுப்புரையிலேயே முட்டை போடும்" என்கிறார். மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்த மனிதர்! அவர் வீட்டில் இரண்டு கோழிக்குஞ்சைக் காணோம் என்பதும் ஒரு வழக்கு. அதைக்கூட ஒப்புக்கொள்வேன், சாரை குஞ்சைத் தூக்கும். விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவருக்குக் குஞ்சு பெரிதில்லையாம், ஜோடிதான் பெரிதாம். இவருக்கு என்ன பதில் சொல்வது?

தபால்பை:
மாமா சொன்னதில் என்ன தப்பு, தங்கச்சி? நான் 34 வருடம் தபால் கொடுத்தவன். பாதி நாள் வரப்பிலும் விளையிலும்தான் நடை. 1987இல் ஒரு வாழைத்தோட்டத்தில் சாரையும் நல்ல பாம்பும் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு எழும்பி ஆடியதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். கையில் மணியார்டர் பை. அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். புத்தகத்தில் படித்துவிட்டு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கரும்பலகை:
பாடம் எடுப்பது என் தொழில், அதனால் எடுக்கிறேன். சார், நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக மல்லுக்கட்டும்போது அப்படித்தான் உடம்பின் முன்பாதியை முறுக்கிக்கொண்டு எழும்பும். ஒன்று மற்றதன் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். கடித்துக்கொள்ளாது. தோற்றது நழுவிப் போய்விடும். சாரையிலும் ஆண் பெண் உண்டு, நல்ல பாம்பிலும் ஆண் பெண் உண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆடும் மாடும் சேர்ந்து கன்று போடுமா?

ஒரே ஒரு கேள்வி: நீங்கள் பார்த்த இரண்டில் ஒன்றாவது படம் எடுத்ததா?

தபால்பை:
ஆடு மாடு உதாரணத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் டீச்சர். குதிரையும் கழுதையும் சேர்ந்து கோவேறு கழுதை வரவில்லையா?

மரச்சீனி:
அண்ணன் வந்துவிட்டார்! போன மாதம் சுளை கெட்டியான வருக்கைச் சக்கையும் சுளை குழைந்த கூழஞ்சக்கையும் ஒரே மரத்தில் காய்ப்பதை இதே இரண்டு கண்ணால் பார்த்தவர்தானே? அந்தக் கண்ணுக்கு இன்னும் ஆபரேஷன் முடியவில்லை போல.

தபால்பை:
சக்கை விஷயத்தில் நீ தோற்றுப்போன கடுப்பை இங்கே காட்டாதே. அந்த மரம் இப்போதும் நிற்கிறது. வந்து பார் என்றேன், நீ வரவில்லை.

மரச்சீனி:
நீங்கள் முகவரியே தரவில்லையே அண்ணன். 34 வருடம் தபால் கொடுத்தவருக்கு முகவரி எழுதத் தெரியாதா?

கடலோரத்தான்:
நமக்குக் கடற்கரை, மணலில் சாரையைக் காண்பது அபூர்வம். ஆனால் ஒரு சந்தேகம். அக்கா வீட்டில் இருப்பது சாரைதான் என்று யார் உறுதி செய்தது? நல்ல பாம்பு படம் எடுக்காமல் போகும்போது பார்த்தால் பலருக்கும் சாரை மாதிரிதான் தெரியும். ஒரு ஃபோட்டோ போடுங்களேன்.

கரும்பலகை:
தபால்பை சார், படம் எடுத்ததா இல்லையா?

தபால்பை:
இந்தப் படம் படம் என்று ஏன் டீச்சர் துடிக்கிறீர்கள்? நல்ல பாம்பு எதற்குப் படம் எடுக்கும்? பயந்தால் எடுக்கும், கோபம் வந்தால் எடுக்கும். கொஞ்சிக்கொண்டிருக்கும்போது ஏன் எடுக்கும்? நீங்கள் கல்யாண வீட்டில் போய்க் கம்பைத் தூக்குவீர்களா?

மரச்சீனி:
எங்கள் குடும்பத்தில் தூக்கியிருக்கிறார்கள். அதை விடுங்கள். படம் எடுக்கவில்லை என்றால் அது நல்ல பாம்பு என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? ஆதார் அட்டையா?

தபால்பை:
நிறத்தை வைத்து. ஒன்று கறுப்பு கலந்த தவிட்டு நிறம், ஒன்று மஞ்சள்.

கரும்பலகை:
சாரையிலேயே மஞ்சளும் உண்டு, தவிட்டு நிறமும் உண்டு, கறுப்படித்ததும் உண்டு. நீங்களே சாட்சி சொல்லி நீங்களே கேஸை உடைக்கிறீர்கள். வாலைப் பார்த்தீர்களா? சாரைக்கு உடம்பின் பின்பகுதியில் கறுப்புக் குறுக்குக் கோடுகள் இருக்கும். உதட்டுச் செதில்களின் ஓரத்திலும் கறுப்புக் கோடு. கண் பெரிதாக இருக்கும். கழுத்து ஒடுங்கித் தலை தனியாகத் தெரியும்.

தபால்பை:
அரை மணி நேரம் ஆடிக்கொண்டிருந்த பாம்பின் உதட்டை எட்டிப் பார்க்கச் சொல்கிறீர்கள். நல்ல டீச்சர்! பிள்ளைகள் பத்திரம்.

என் அப்பா அதைவிடக் கெட்டிக்காரர். அவர் பார்த்தபோது தோளில் கிடந்த துண்டை இரண்டின் மேலும் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிணையும் பாம்பின் மேல் பட்ட துண்டைப் பெட்டிக்குள் வைத்தால் வீட்டில் காசு நிற்கும். அந்தத் துண்டு இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. இதற்கும் அறிவியல் சொல்வீர்களா?

மரச்சீனி:
துண்டு இருக்கிறது சரி. போன ஓணத்துக்கு என்னிடம் கைமாற்று வாங்கிய 2,000 ரூபாய் எங்கே அண்ணன்? அந்தத் துண்டுக்கு அடியில் பார்த்தீர்களா?

தபால்பை:
பொது இடத்தில் கணக்குப் பேசுகிறவனோடு எனக்குப் பேச்சில்லை.

பாறசாலைக்காரன்:
நான் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளம். ஆனால் வீட்டில் தமிழ்தான். எங்கள் ஊரில் சாரையை "சேர" என்பார்கள். ஒரு பழஞ்சொல்லும் உண்டு: "மஞ்ஞச்சேர மலர்ந்து கடிச்சால் மலயாளத்தில் மருந்தில்ல." மஞ்சள் சாரை மல்லாந்து கடித்தால் மலையாள நாட்டில் மருந்தே கிடையாது என்று அர்த்தம். எங்கள் பாட்டி இதைச் சொல்லித்தான் எங்களை வாழைத்தோட்டத்துக்குள் விடமாட்டாள். சும்மா தகவலுக்காகச் சொன்னேன்.

இன்னொன்று. கேரள வனத்துறை 2020இல் சர்ப்ப என்று ஒரு செயலி கொண்டுவந்தது. வீட்டில் பாம்பு வந்தால் அதில் தகவல் கொடுக்கலாம். பயிற்சி பெற்று வனத்துறைச் சான்றிதழ் வாங்கியவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போய் விடுவார்கள்.

தபால்பை:
பார்த்தீர்களா! மருந்தில்லை என்று மலையாளத்தானே சொல்லிவிட்டான். விஷமில்லாத பாம்பாம், விஷமில்லாத பாம்பு.

மரச்சீனி:
விஷமே இல்லாத கடிக்கு எதற்கு மருந்து? அதனால்தான் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அதோடு நம்ம விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 அன்று மலையாளத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு. எல்லைக்கு இந்தப் பக்கம் மல்லாந்து கடித்தாலும் மருந்து உண்டு. பாறசாலைக்காரர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கடலோரத்தான்:
இதில் என்ன கேலி? தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போய், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த பிறகு கிடைத்தது இந்த எல்லை. எங்கள் தாத்தா அந்த ஊர்வலத்தில் நடந்தவர். பாம்புக் கதைக்கு நடுவில் இழுக்காதீர்கள்.

மரச்சீனி:
தாத்தாவை நான் ஒன்றும் சொல்லவில்லை மக்கா. மருந்தைத்தான் சொன்னேன்.

கடலோரத்தான்:
சொன்ன விதம் சரியில்லை.

பாறசாலைக்காரன்:
நான் தகவல் சொன்னதற்கு எல்லைத் தகராறா? அப்படியென்றால் நீங்கள் ஏன் இன்னும் சக்கை என்கிறீர்கள்? பலாப்பழம் என்று சொல்லுங்கள்.

மரச்சீனி:
சக்கை எங்கள் சொல். அதை விட்டுத்தர முடியாது.

தபால்பை:
சக்கை பற்றி இந்த ஆளிடம் யாரும் பேச வேண்டாம். வருக்கைக்கும் கூழனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்.

முற்றத்துமுல்லை:
ஐயா, அண்ணன்மாரே, என் விறகுப்புரை! மாமா இன்று காலையில் பூண்டும் காயமும் கரைத்த தண்ணீரைச் சுற்றிலும் தெளித்திருக்கிறார். மண்ணெண்ணெய் வேறு. வீடே சாம்பார் கடை மாதிரி மணக்கிறது. சாரை நேராக அவர் வீட்டு மதில் மேல் போய் வெயில் காய்கிறது.

கரும்பலகை:
பூண்டுக்கும் காயத்துக்கும் பாம்பு கட்டுப்படாது அம்மா. விறகைத் தரையில் போடாமல் ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கள். கோழித்தீவனம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிந்தினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு. கூட்டுக்கு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள், குஞ்சுப் பிரச்சினையும் தீரும். மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும்தான் நம்ம ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிற விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்தப் பட்டியலில் சாரை இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது, சாரையை அடிப்பதும் அதன்படி குற்றம்தான்.

தபால்பை சார், கேள்வி அப்படியே நிற்கிறது.

தபால்பை:
சட்டம் பேசுகிறவர்கள் ராத்திரி ஒரு மணிக்கு விறகுப்புரையில் கைவிட்டுப் பார்க்கட்டும். நாகர்கோவிலில் நாகராஜா கோவில் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். அங்கே மண்தான் பிரசாதம். கேரளத்து மண்ணாறசாலை நாகராஜா கோவிலில் ஆயில்யத் திருவிழாவுக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியுமா? பாம்புக்கு ஜோடி, சாபம், நேர்ச்சை எல்லாம் உண்டு என்று நம்பித்தான் ஊர் இத்தனை காலம் வாழ்ந்தது. உங்கள் ஒரு கேள்வியால் எல்லாம் பொய்யாகிவிடுமா?

கரும்பலகை:
நானும் ஆயில்யத்துக்குப் போகிறவள்தான் சார். அங்கேகூட சாரையை நாகத்துக்கு மாப்பிள்ளை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உண்மையில் சாரையைத் தேடி வருகிற நாகம் ஒன்று உண்டு, ராஜநாகம். பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்காட்டில் இருக்கிறது. அதன் சாப்பாடே மற்றப் பாம்புகள்தான். அது சாரையைத் தேடுவது கல்யாணத்துக்கு அல்ல, விழுங்குவதற்கு.

தபால்பை:
ஆ! எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள். நாகம் சாரையைத் தேடி வரும் என்று டீச்சரே எழுதிவிட்டார். இதைத்தானே மாமாவும் சொன்னார், நானும் சொன்னேன்? வந்த பிறகு கொஞ்சுகிறதோ கொல்லுகிறதோ, அது அவர்கள் குடும்ப விஷயம்.

கரும்பலகை:
கடவுளே! ராஜநாகம் வேறு, நல்ல பாம்பு வேறு.

தபால்பை:
பெயரிலேயே நாகம் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

மரச்சீனி:
நாகர்கோவிலிலும் நாகம் இருக்கிறது அண்ணன். அதுவும் சாரையைத் தேடி வருமா? திருவனந்தபுரம் பாசஞ்சரிலா, கேரள அரசு பஸ் ஆனவண்டியிலா?

பாறசாலைக்காரன்:
ஆனவண்டியைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமையில்லை. களியக்காவிளையில் உங்கள் பஸ் நிற்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

கடலோரத்தான்:
ஃபோட்டோ கேட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

முற்றத்துமுல்லை:
ஃபோட்டோ எடுக்கத்தான் போனேன் அண்ணன். மாமா கம்போடு மதிலடியில் நின்று, "எடுக்காதே, ஃபிளாஷ் அடிச்சா அது உன் முகத்தை ஞாபகம் வெச்சுக்கும்" என்கிறார். இப்போது புதிதாக இது ஒன்று. என் மாமியார் குறுக்கே போய் நின்று, "வெள்ளிக்கிழமை அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால் இன்று தப்பித்தது. மாமியாருக்கும் அறிவியலுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

தபால்பை:
மாமியாரைக் கேட்டு நட தங்கச்சி. சனிக்கிழமை மாமாவை நானே வந்து பார்க்கிறேன். 1987இல் என்னோடு அந்தத் தோட்டத்தில் நின்ற ரப்பர் வெட்டுக்காரர் இன்னும் இருக்கிறார், குலசேகரம் பக்கம் மகள் வீட்டில். அவரையும் கூட்டி வருகிறேன். அவர் சொன்னால் டீச்சர் வாயை மூடுவாரா?

கரும்பலகை:
தாராளமாகக் கூட்டி வாருங்கள். அவரிடமும் அதே கேள்விதான். படம் எடுத்ததா?

தபால்பை:
அவருக்குக் காது கேட்காது. சைகையில்தான் கேட்க வேண்டும்.

மரச்சீனி:
சைகையில் படம் எடுத்துக் காட்டிவிடுவார், அது போதும். வரும்போது என் 2,000 ரூபாயையும் கொண்டு வாருங்கள் அண்ணன். துண்டு வேண்டாம்.