ஆங் லீயின் 'தி வெட்டிங் பேங்க்வெட்' (1993) படம்: அப்பாவோட இங்கிலீஷ் நியாயமா?

கத்திரி:
நியூயார்க்கில் தன் காதலன் சைமனோடு வாழும் தைவான்காரன் வேய்-டுங். ஊரில் இருக்கிற பெற்றோரைச் சமாளிக்க, கிரீன் கார்டு தேவைப்படும் வாடகைக்காரி வேய்-வேய்யைப் பேருக்குக் கல்யாணம் பண்றான். அதுக்குப் பெற்றோரே வந்து இறங்கி, அவங்களோட தங்குறாங்க. அதுவரை சரி. கடைசியில் அப்பா, சைமன் கையில் சிவப்பு உறையை (சீனக் குடும்பங்களில் பணம் வெச்சுப் பரிசாக் கொடுக்கிறது) கொடுத்து, எல்லாம் தெரியும்னு இங்கிலீஷில் சொல்றார். அவருக்கு இங்கிலீஷ் புரியும்னு முன்னாடி எங்கே காட்டினாங்க? மகன் வாயால் வரவேண்டிய உண்மையை இப்படிக் கடத்துறது கள்ள ஆட்டம்.

மூன்றாம்வரிசை:
வேய்-வேய் கர்ப்பம்னு தெரிஞ்சதும் அவளும் வேய்-டுங்கும் சைமனும் சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷில் கத்துறாங்களே, அப்பா எங்கே இருந்தார்? எதிரேதான். நாம சண்டையில் மூழ்கிட்டோம், அவரைக் கவனிக்கலை. காட்டாமல் விட்டதில்லை, சிரிப்புக்கு அடியில் ஒளிச்சு வெச்சது. தவிர அவர் ராணுவ அதிகாரியா இருந்தவர். விருந்து வைக்கிற ஓட்டல்காரரே அவர்கிட்ட டிரைவரா இருந்தவர்தான்.

கத்திரி:
இங்கிலீஷ் புரிஞ்சதுன்னே வெச்சுக்குவோம். மகன்கிட்ட ஏன் சொல்லலை?

மூன்றாம்வரிசை:
சொன்னா கல்யாணம் கலையும், பேரக்குழந்தையும் போயிடும். தன்னை ஏமாத்த விட்டதால்தான் பேரக்குழந்தை கிடைக்குதுன்னு அவரே சொல்றார். கணக்கைப் பாருங்க: மகன் அம்மாகிட்ட சொல்லிட்டான், அம்மா "அப்பாவுக்குத் தெரியக்கூடாது"ங்கிறாங்க. அப்பா சைமன்கிட்ட "யார்கிட்டயும் சொல்லாதே"ங்கிறார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு துண்டு உண்மை. உடைச்சுக் கொட்டி, அழுது, கட்டிப்பிடிச்சு முடிச்சிருந்தா மெலோடிராமாதான் மிஞ்சியிருக்கும்.

நிலாச்சோறு:
ரெண்டு பேரும் ஆம்பளைங்க கணக்கையே போடுறீங்க. படத்தோட ஓட்டை வேய்-வேய். விருந்து முடிஞ்ச ராத்திரி, ஓட்டல் அறைக்குள் கூட்டமா நுழைஞ்சு போர்வைக்குள் துணியைக் கழட்டச் சொல்ற விளையாட்டு வரைக்கும் நகைச்சுவை பிரமாதம். அப்புறம் குடிபோதையில் இருக்கிறவனை அவள் தொடுறா. அதையும் அதே சிரிப்புத் தொனியில் தாண்டிடுறாங்க. கருவைக் கலைக்கக் கிளம்பியவள் வழியிலேயே மனசை மாத்திக்கிறா. அப்பாவுக்குக் கிடைச்ச பொறுமையில் பாதிகூட அந்த முடிவுக்குக் கிடைக்கலை. ஆரம்பத்தில் வாடகைக்குப் பதில் ஓவியம் கொடுத்துக்கிட்டிருந்தவ. அந்த ஓவியம் பிற்பாதியில் எங்கே போச்சு?

கத்திரி:
இதை ஒத்துக்கிறேன். தன்னைக் கண்டடையறது சைமனுக்கும் அப்பாவுக்கும்தான் நடக்குது.

மூன்றாம்வரிசை:
வேய்-வேய் விஷயத்தில் எனக்கும் வக்காலத்து இல்லை. ஆனா சிவப்பு உறைக் காட்சியில் ஒரு வசனம்கூட வெட்டவிட மாட்டேன்.