மாமியார் வசனம் எல்லாம் அதட்டல் மாதிரி வருகிறது, எப்படி மாற்றுவது?

கேள்வி:
குறும்படம் ஒன்றுக்கு வசனம் எழுதுகிறேன். ஒரே வீடு, மாமியார், மருமகள், மகன். மாமியார் ஆளுக்கொரு வேலை ஏவுகிற காட்சி. 'கதவைச் சாத்து', 'தண்ணி கொண்டா', 'அவனைக் கூப்பிடு' என்று எழுதி, வாய்விட்டுப் படித்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. என் மனதில் உள்ள மாமியார் குரலே உயர்த்தமாட்டார். ஆனாலும் அந்த வீட்டில் அவர் நினைத்ததுதான் நடக்கும். அதை எப்படி எழுதுவது?

பதில் 1:
பன்னிரண்டு வருடமாகத் தெலுங்குப் படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறேன். உதட்டசைவுக்குள் அடங்க வேண்டும் என்பதால், வினையின் வாலை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. 'வா' என்றால் வந்தாக வேண்டும். 'வாயேன்' என்றால் வராமலும் இருக்கலாம், வந்தால் சந்தோஷம். 'வந்துடு' என்பதில் லேசாக ஒரு மிரட்டல் இருக்கிறது. 'வர்றியா' கேள்விதான், 'வர்றியா இல்லையா' என்றதும் அது கேள்வியே இல்லை.

தேவர் மகன் (1992) முடிவில் வரும் 'படிக்க வைங்கடா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 'ங்க' மரியாதைக்கு வந்ததல்ல, ஊர் மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லும் பன்மை. கூட வரும் 'டா' ஒவ்வொருத்தனையும் தனித்தனியாகச் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது. கெஞ்சலும் அதட்டலும் ஒரே சொல்லில்! 'படிக்க வையுங்கள்' என்று எழுதியிருந்தால் சுவர் விளம்பரமாகப் போயிருக்கும்.

உங்கள் மாமியாருக்கு ஏவல் வினையே வேண்டாம். என் அம்மா கூடத்தில் உட்கார்ந்தபடியே 'பால் வாசனை வருதே' என்பார். யாரையும் பார்த்துச் சொல்லமாட்டார். நாங்கள் மூன்று பேர் எழுந்து ஓடுவோம். கேமராவை எழுந்து ஓடுகிறவர்கள் மேல் வையுங்கள்.

பதில் 2:
நான் தமிழாசிரியை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இதற்கு அழகான இடம் ஒன்று உண்டு. ஒன்றைக் கேட்டு வாங்கும்போது, கேட்பவர் தாழ்ந்தவர் என்றால் 'ஈ', சமமானவர் என்றால் 'தா', உயர்ந்தவர் என்றால் 'கொடு'. சொல்லைக் கேட்டாலே யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். இன்றைய பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் மேலே சொன்ன வால்கள் செய்கின்றன.

ஆனால் 'வாயேன்' பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் மூன்றாம் முறையாக 'வாயேன்டா' என்று சொன்னால் அதில் சலுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அது அலுப்பு. எத்தனையாவது முறை சொல்கிறார் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அப்புறம், மருமகளால் மாமியாரை நேரடியாக ஏவ முடியாது. 'சாப்பிடலாமா அத்தை' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் கேட்பாள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரவே திருத்திவிட்டேன். மகன் வந்து செருப்பைக் கழற்றுகிறான். மாமியார் 'கொசு வர்ற நேரம்' என்கிறார். மருமகள் எழுந்து கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியையும் மாற்றினேன். கதவு திறந்திருக்கிறது. இந்த முறை மருமகள், 'கொசு வருது அத்தை' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.